அளவு நோட்டும் கடைப்பெயரும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள காடாம்புலியூர் போன்ற ஊர்களில், ஆண்களுக்குச் சட்டையும் பேண்ட்டும் தைத்துக் கொடுக்கும் கடை எக்காலத்திலும் இருந்துவந்த ஒன்றைப் போலத் தோன்றினாலும், வரலாற்று நோக்கில் பார்க்கும்போது அது மிக அண்மைக்காலத்தில் முளைத்த அமைப்பு என்பது விளங்கும். பழைய தமிழ்க் கிராமத்தில் தச்சருக்கும் கொல்லருக்கும் குயவருக்கும் வண்ணாருக்கும் நாவிதருக்கும் களத்துமேட்டில் நெல்லளக்கும் உரிமைப் பங்கு இருந்தது. தையல்காரருக்கு அத்தகைய பங்கு பொதுவாக இருந்ததில்லை. ஊருக்கு அவர் தேவைப்படவில்லை என்பதே அதற்குக் காரணம். தறியிலிருந்து இறங்கிய துணி வெட்டப்படாமலே வேட்டியாகவும் துண்டாகவும் சேலையாகவும் உடலைச் சேர்ந்துவிட்ட நாட்டில், துணியை வெட்டித் துண்டாக்கி மறுபடியும் ஒட்டவைக்கும் கலைக்கு ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றும் அளவுக்கு வேலை கிடைத்திருக்க முடியாது.

தையற்கலை அறியப்படாமல் இருந்தது என்பது இதன் பொருளன்று. சிலப்பதிகாரம் புகார் நகரின் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது 'துன்னகாரர்' என்று துணி தைப்போரையும், அவர்களுக்கு அடுத்துத் தோல் தைப்போரையும் குறிப்பிடுகிறது; துன்னுதல் என்றால் நெருக்கமாக இழையிட்டுத் தைத்தல். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காக்கும் யவன வீரர்கள் 'மெய்ப்பை' அணிந்திருக்கிறார்கள். உடம்பை இட்டு வைக்கும் பை என்று சட்டைக்குப் பெயரிட்ட அந்தச் சொல்லில், தைத்த ஆடையைப் புதுமையாகப் பார்த்த கண்ணின் வியப்பு தெரிகிறது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவனின் பாசறைக்கு வரும் தூதர் கூட்டம் 'கஞ்சுக முதல்வர்' எனப்படுகிறது; கஞ்சுகம் என்பதும் சட்டையே. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அமர்த்திய பணியாளர்களின் நீண்ட கல்வெட்டுப் பட்டியலில் 'தையான்' எனத் தையல்காரரும் இடம்பெறுகிறார். இவற்றை ஒருசேர வைத்துப் பார்த்தால், தைத்த துணி அரண்மனைக்கும் கோயிலுக்கும் படைக்கும் அயல்நாட்டாருக்கும் உரியதாக இருந்ததும், உழவர் வீட்டு வாசலை அது எட்டவில்லை என்பதும் புலப்படும். விசயநகரக் காலத்தில் அரசரும் படைத்தலைவர்களும் அவைக்கு வரும்போது 'கபாயி' என்ற நீண்ட அங்கியையும் குல்லாயையும் அணிந்தனர். கபாயி என்பது அரபு மொழியின் கபா என்ற சொல்லின் வழிவந்தது. இவ்வுடை மாற்றம் மதமாற்றத்தின் அடையாளமாக இல்லாமல், மேற்காசியா வரை பரவியிருந்த பொதுவான அவை நாகரிகத்தில் தங்களுக்கும் இடம் உண்டு என்று காட்டும் செயலாக இருந்தது என வரலாற்றாசிரியர் பிலிப் வாகனர் 1996இல் எழுதிய கட்டுரையில் காட்டியிருக்கிறார்.

காடாம்புலியூருக்குக் கிழக்கே உள்ள கடற்கரையில், பரங்கிப்பேட்டையும் கடலூரும் 17ஆம் நூற்றாண்டில் துணி ஏற்றுமதித் துறைமுகங்களாகச் செழித்திருந்தன. 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கியதற்கு இந்தத் துணி வணிகமே முக்கியக் காரணம். சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட 'லாங்கிளாத்' எனும் நீளத்துணி வெட்டப்படாமல் கப்பலேறி, இங்கிலாந்தில் வெட்டப்பட்டு அங்குள்ளோரின் சட்டையாயிற்று. துணி இங்கே, தையல் அங்கே என்ற இந்தப் பிரிவினையை மாற்றும் முயற்சியும் ஒருமுறை நடந்தது. 1680களின் தொடக்கத்தில் லண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்கள், பருத்தித் துணியில் முழுவதும் தைத்து முடித்த சட்டைகளையும் உள்ளங்கிகளையும் இந்தியாவிலிருந்து பேரளவில் அனுப்பச் சொல்லித் தங்கள் கிடங்குகளுக்கு எழுதினர். அந்த வணிகம் நிலைபெறவில்லை. ஆயினும் திருப்பூர் உலகச் சந்தைக்கு ஆடை அனுப்பத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 300 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தியத் தையல்காரரின் கூலி மலிவு என்ற கணக்கு லண்டனில் போடப்பட்டுவிட்டது என்பது கவனத்துக்குரியது.

கடல்வழி வந்தவர்கள் தையலறைக்குச் சொற்களையும் விட்டுச் சென்றனர். பொத்தான் என்பது போர்ச்சுகீசியச் சொல். பொத்தான் நுழையும் துளையை இன்றும் தமிழ்நாட்டுத் தையல்காரர் 'காஜா' என்றே அழைக்கின்றனர். இந்துஸ்தானி வழியாக வந்த இச்சொல்லின் மூலம், வீடு என்று பொருள்படும் 'காஸா' என்ற போர்ச்சுகீசியச் சொல்லே என்று அகராதியாசிரியர்கள் கருதுகின்றனர். பொத்தானுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுப்பதே காஜா எடுப்பது. விரலில் மாட்டும் 'அங்குஸ்தான்' பாரசீகத்திலிருந்தும், கழுத்துப்பட்டைக்கு விறைப்புத் தரும் 'பக்ரம்' ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. நூல், தையல் ஆகிய அடிப்படைச் சொற்கள் தமிழாக இருக்க, சட்டையின் நுணுக்கங்களுக்கான சொற்கள் பிறமொழிகளிலிருந்து வந்திருப்பதே இந்தத் தொழில் தமிழ்நாட்டில் வளர்ந்த வழியைச் சொல்கிறது.

தையற்கடை பெருகுவதற்கு முன் துணியை வெட்டி அணிவதற்கான உரிமை பெருக வேண்டியிருந்தது. சடங்குத் தூய்மையைப் பேணியவர்கள் தைத்த ஆடையைத் தவிர்த்தனர். பல கோயில்களில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே சந்நிதிக்குள் செல்லும் வழக்கம் அதன் எச்சம். காடாம்புலியூருக்குத் தெற்கே உள்ள வடலூரில் 1872இல் சத்திய ஞான சபையைத் திறந்த வள்ளலார், தலையையும் உடலையும் மூடிய தையலற்ற வெள்ளை ஆடையுடனேயே மக்கள் நினைவில் நிற்கிறார். அவருடைய ஆடை துறவின் அடையாளம். எளிமையை விரும்பி ஏற்ற ஒருவரின் தேர்வு. சட்டை அணியக் கூடாதென்று பிறரால் தடுக்கப்பட்டவர்களின் நிலை முற்றிலும் வேறு. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடும் குப்பாயம் அணிவதற்காக அரை நூற்றாண்டு காலம் அடியும் அவமானமும் பட்ட பிறகே, 1859இல் அரசு அறிக்கை அந்த உரிமையை ஏற்றது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை, 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. கோட்டோ சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பது மற்றொன்று.

இந்தத் தடைகளை மனத்தில் வைக்காமல் தமிழ்நாட்டுத் தையற்கடையின் வரலாற்றை எழுதவே இயலாது. ஐரோப்பாவில் தையல்காரரின் வரலாறு பெரும்பாலும் நாகரிகத்தின், அதாவது மாறிவரும் உடைப் பாணியின் வரலாறாக எழுதப்படுகிறது. தமிழ்நாட்டில் அது உரிமையின் வரலாறாகவும் இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி சட்டையையும் குல்லாயையும் துறந்து அரைவேட்டிக்கு மாறியபோது, ஏழையின் உடலோடு தம் உடலை ஒப்பாக்கிக்கொண்டார். அதே மதுரையில் 1946 மே மாதம் பெரியாரின் இயக்கத்தினர் கருஞ்சட்டை மாநாடு நடத்தியபோது, சட்டையைப் போட்டுக்கொள்வதே தன்மானத்தின் அறிவிப்பாக நின்றது. இவ்விரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட, துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்கக் கட்டாயப்படுத்தப்பட்ட ஒருவர் முதன்முதலாகத் தன் தோளுக்கும் மார்புக்கும் அளவு கொடுத்து நிமிர்ந்து நின்ற இடம் தையற்கடை என்பதை நினைப்பது தகும்.

துணியை வெட்டும் உரிமை ஒருபுறம் விரிந்துகொண்டிருக்க, மறுபுறம் தையல் இயந்திரம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுத் தையல்காரர் பார்த்தலேமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்தைக் கொண்டு படைவீரர் சீருடைகளைத் தைக்கத் தொடங்கியபோது, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையல்காரர்கள் அடுத்த ஆண்டே அவரது பட்டறையை அடித்து நொறுக்கினர். இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் ஐசக் சிங்கர் உருவாக்கிய மிதிகட்டை இயந்திரம் உலகெங்கும் பரவியதற்கு அதன் பொறியமைப்பு மட்டுமன்றி, விலையைத் தவணை தவணையாகச் செலுத்தும் முறையும் காரணம். இந்தியாவில் சிங்கர் நிறுவனத்தின் வணிகத்தை நெடுங்காலம் பம்பாயிலிருந்து நடத்திய என். எம். பட்டேல் என்ற பார்சி, இந்தத் தவணை முறையைச் சிறு நகரங்கள் வரை கொண்டு சென்றார். பாரிஸில் கலகத்தை உண்டாக்கிய கருவி இங்கே பெரிய எதிர்ப்பைச் சந்திக்காததன் காரணம் எளிது: ஒழிக்கப்படுவதற்கு இங்கே பெருந்திரளான தையல்காரர் கூட்டம் இருக்கவில்லை, இயந்திரமே அந்தக் கூட்டத்தை உருவாக்கியது. நெசவைப் போலவோ தச்சுவேலையைப் போலவோ ஒரே சாதியின் கையில் அடங்காமல், மகாராட்டிரத்திலிருந்து வந்த பாவசாரரும் முஸ்லிம்களும் முன்பே செய்துவந்த தொழிலில் பின்னர் எல்லாச் சமூகத்தினரும் நுழைய முடிந்ததற்கும் இதுவே அடிப்படை. முதலீடாக ஓர் இயந்திரமும் ஒரு கத்தரியும் ஒரு திண்ணையும் போதுமானவை.

எந்திரங்களின் மீது ஆழ்ந்த ஐயம் கொண்டிருந்த காந்தியும் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். 1924இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்த ஜி. ராமச்சந்திரன் கேட்ட கேள்விகளுக்கு விடையளித்தபோது, மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறுக்காத அன்பிலிருந்து பிறந்த பொறி இது என்று அவர் சிங்கரைப் பாராட்டினார்.  1930களில் கல்கத்தாவில் தயாராகத் தொடங்கிய உஷா இயந்திரம் விடுதலைக்குப் பின் சிங்கரின் இடத்தைப் பிடித்தது. கறுப்பு உடலில் பொன்னெழுத்துடன் அது தமிழ்நாட்டுக் கிராமங்களில் திருமணச் சீராகவும் அரசின் இலவச உதவியாகவும் வீடுகளுக்குள் நுழைந்தது.

நெய்வேலிப் பகுதியில் இந்தத் தொழிலின் போக்கை மாற்றியது நிலக்கரி. 1930களின் நடுவில் இப்பகுதியில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருள் பழுப்பு நிலக்கரி என்று அறியப்பட்டு, 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் மண்ணுக்கடியிலிருந்து கரி எடுக்கப்பட்டு, 1962இல் சோவியத் நாட்டு உதவியுடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கியது. முந்திரியும் பலாவும் மல்லாட்டை எனும் நிலக்கடலையும் விளைந்த செம்மண் பரப்பில், எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்ட நகரியம் எழுந்தது. விளைச்சலை நம்பிய வாழ்விலிருந்து மாதச் சம்பளத்தை நம்பும் வாழ்வுக்கு ஒரு வட்டாரமே நகர்ந்தபோது உடையும் நகர்ந்தது. இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 22ஆம் பிரிவு, இயங்கிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் அருகில் சென்று பரிசோதிக்கவோ எண்ணெயிடவோ அனுமதிக்கப்படும் பயிற்சி பெற்ற தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும் என்றும், அவ்வுடையைத் தொழிற்சாலை நடத்துபவரே கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது. காற்றில் பறக்கும் வேட்டி நுனியும் துண்டும் சுழலும் பட்டையில் சிக்கினால் உயிர் போகும். எந்தத் துணி ராமநாதபுரத்தில் ஒருவரின் உடலுக்கு மறுக்கப்பட்டதோ, அதையே இன்னொரு தொழிலாளியின் உடலுக்கு அரசின் சட்டம் ஓர் இருபதாண்டுக்குள் கட்டாயமாக்கியது.

அந்தச் சீருடையின் துணி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் நெய்த காக்கி நினைவுக்கு வரும். நிறம் மங்காத காக்கிச் சாயத்தால் அவை இந்தியா முழுவதும் படைக்கும் காவல்துறைக்கும் பணிமனைகளுக்கும் துணி வழங்கின. 1960களின் பிற்பகுதியிலிருந்து டெரிலினும், பருத்தியும் செயற்கை இழையும் கலந்த டெரிகாட்டனும் வந்தன. சுருங்காத, எளிதில் கசங்காத இத்துணிகள் விலை கூடுதலானவை; அவற்றைத் தவறாக வெட்டிவிட்டால் வாடிக்கையாளருக்கு ஏற்படும் இழப்பும் பெரிது. ஆகவே நல்ல கத்தரிக்குப் பெயர் பெற்றவரைத் தேடி மக்கள் செல்லத் தொடங்கினர். பெல்பாட்டம் எனும் அடிப்பகுதி அகன்ற பேண்ட் வந்த 1970களே பல சிறுநகரத் தையற்கடைகளின் பொற்காலம் என்று கூறலாம். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே 'ஆர்டர் எடுப்பது நிறுத்தப்பட்டது' என்ற அட்டை தொங்கவிடப்படும் வழக்கம் அக்காலத்தது.

கடையின் உள்ளமைப்பையும் இங்கே விளக்க வேண்டும். வாசலை ஒட்டிய மேசைக்குப் பின்னால் நிற்பவர் கட்டிங் மாஸ்டர். பெரும்பாலும் அவரே உரிமையாளர். அவர் டேப்பைப் பிடித்து எண்களைச் சொல்ல, உடனிருப்பவர் நோட்டில் எழுதுவார். சட்டைக்கு உயரம், தோள், கை நீளம், மார்பு, இடுப்பு, கழுத்து. பேண்ட்டுக்கு உயரம், இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம் என்ற வரிசை ஏறக்குறைய எல்லாக் கடைக்கும் பொது. மாஸ்டர் சாக்குக்கட்டியால் துணியில் கோடிட்டு வெட்டிய பிறகு, துண்டுகள் மிஷின்காரர்களுக்குப் போகும். அவர்களுக்குக் கூலி உருப்படிக்கு இவ்வளவு என்று, அதாவது பீஸ் ரேட் கணக்கில். கடைசியாகக் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் ஓரம் மடித்து எம்மிங் போடுவதும் 'காஜா பையன்' என்றழைக்கப்பட்ட சிறுவனின் வேலை. தொழில் கற்க வந்தவர் அனைவரும் அந்தப் படியிலிருந்தே ஏறினர். பள்ளியை விட்டு வந்த சிறுவர்களின் உழைப்பின் மீது அந்தப் படி நின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

கத்தரி அறிவு எளிதில் கைமாறுவதன்று. அளவு ஒன்றாக இருந்தாலும் உடல்கள் ஒன்றாக இரா. ஒரு தோள் சாய்ந்தவர், முதுகு கூனியவர், வயிறு முன்தள்ளியவர் ஆகியோரின் குறைகளைச் சொல்லிக் காட்டாமல், எண்ணோடு ஒரு சிறு குறியை நோட்டில் சேர்த்து, துணியில் அதைச் சரிசெய்வதே மாஸ்டரின் திறன். அதனால் மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே மேசை கிடைக்கும் கடைகள் இருந்தன. திறமையான சீடர் கோபித்துக்கொண்டு எதிர்வாடையில் புதுக்கடை போடுவதும் இருந்தது. குடும்பத் தொழில் என்று சொல்லும்போது கடைப்பலகையில் 'அன் சன்ஸ்' என்று மகன்கள் மட்டும் இடம்பெற்றனர். பண்டிகைக் காலத்தில் வீட்டில் இரவெல்லாம் விழித்துக் காஜா எடுத்தும் எம்மிங் போட்டும் கொடுத்த மனைவியரும் மகள்களும் அந்தப் பலகையில் எழுதப்படவில்லை. கூலிக் கணக்கிலும் அவர்கள் இல்லை.

ஆண்கள் உடைத் தையலைக் குடும்பப் பெயரோடு பிணைத்து உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றவர்கள் இத்தாலியர். அவர்களின் தொடக்கமும் சிறுநகரத் தையற்கடையே. அத்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ஒர்த்தோனா என்ற ஊரில் தையற்குடும்பத்தில் பிறந்த தொமேனிக்கோ கராச்சேனி 1913இல் ரோமில் கடை திறந்தார். அதே ஊரைச் சேர்ந்த இசையமைப்பாளர் தோஸ்தி லண்டனில் விக்டோரியா அரசியின் அவையோடு தொடர்புடையவர். அவர் ஊருக்கு அனுப்பிய ஆங்கிலக் கோட்டுகளைப் பிரித்துப் பார்த்தே கராச்சேனி லண்டன் வெட்டின் நுட்பத்தை அறிந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தைத்த ஒன்றைப் பிரித்துப் பார்த்துக் கற்பது எல்லா நாட்டுத் தையல்காரருக்கும் பொதுவான கல்வி. தமிழ்நாட்டில் வாடிக்கையாளர் கொண்டுவரும் 'அளவு சட்டை', அதாவது அளவுக்காகக் கொடுக்கப்படும் பழைய சட்டை, எத்தனையோ மாஸ்டர்களுக்கு ஆசானாக இருந்திருக்கிறது. கராச்சேனி தாம் அறிந்ததை 1933இல் நூலாகவும் எழுதினார். அவருடைய உடன்பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் சீடர்களும் ரோமிலும் மிலானிலும் அதே பெயரில் வெவ்வேறு கடைகள் நடத்தினர். இரத்த உறவில்லாத ஒரு சீடரும் அப்பெயரைத் தாங்கிக் கடை வைத்தார். அந்த அளவுக்குப் பெயர் மதிப்புள்ள சொத்தாகிவிட்டிருந்தது.

நேப்பிள்ஸ் நகரில் நிகழ்ந்தது தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அங்கே வெப்பமும் ஒரு காரணமாக இருந்தது. 1932இல் ஜென்னாரோ ருபினாச்சி அங்கே திறந்த கடைக்கு, ஆங்கில நாகரிகத்தின் மீதிருந்த மதிப்பால் 'லண்டன் ஹவுஸ்' என்று பெயர் வைத்தார். ஆனால் அக்கடையின் கட்டர் வின்சென்சோ அத்தோலினி லண்டன் கோட்டின் உறுதியான தோள்பட்டையையும், உள்ளே அடுக்கடுக்காக வைக்கப்படும் கேன்வாஸையும் குறைத்து, உட்துணியையும் நீக்கி, சட்டையின் கையைப் பொருத்துவதுபோலச் சிறு சுருக்கங்களுடன் கோட்டின் கையைத் தோளில் பொருத்தினார். குளிர்நாட்டுக் கோட்டு மத்தியதரைக் கடலின் வெயிலுக்கு ஏற்றதாயிற்று. பின்னர் ருபினாச்சி குடும்பம் தன் வழியிலும், அத்தோலினி குடும்பம் தனிப் பட்டறை அமைத்தும் மூன்று தலைமுறைகளாகத் தொழிலைத் தொடர்ந்தன. தமிழ்நாட்டிலும் அதே வெயில் உண்டு. ஆனால் மாப்பிள்ளைக்குத் தைக்கப்பட்ட கோட்டு பெரும்பாலும் லண்டன் குளிருக்கான கோட்டின் நகலாகவே இருந்து, திருமண வரவேற்பில் ஒரு மாலை அணியப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று. வெயிலுக்கேற்ற சீர்திருத்தம் இங்கே அரைக்கைச் சட்டையில் நடந்தது. இறுக்கிப்பிடிக்காமல், பேண்ட்டுக்கு வெளியே தொங்குமாறு, பக்கவாட்டில் சிறு வெட்டு விட்டுத் தைக்கப்பட்ட அந்தச் சட்டையை ஒரு கண்டுபிடிப்பாக யாரும் எழுதி வைக்கவில்லை.

ரோமில் 1945இல் ஒரு தையல்காரரும் ஒரு வணிகரும் சேர்ந்து தொடங்கிய பிரியோனி நிறுவனம், 1952இல் பிளாரன்ஸின் பித்தி அரண்மனையில் ஆண்கள் உடைக்கென அணிவகுப்பு நடத்தியது; 1985இல் பென்னே என்ற சிற்றூரில் தையற்பள்ளி ஒன்றையும் நிறுவியது. மாஸ்டரிடம் அடிமைபோல இருந்து கற்பதற்குப் புதிய தலைமுறை இசையாது என்பதை அவர்கள் உரிய காலத்தில் உணர்ந்தனர். அந்த நிறுவனமே 2011இல் பிரெஞ்சுப் பெருங்குழுமம் ஒன்றுக்கு விற்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் படம் முழுமையாகும். இத்தாலியிலும் குடும்பம் எப்போதும் வெல்வதில்லை.

இருப்பினும், இத்தாலியத் தையற்குடும்பங்களின் பெயர் நிலைத்ததற்கும் தமிழ்நாட்டுத் தையற்குடும்பங்களின் பெயர் நிலைக்காததற்கும் கைத்திறனின் ஏற்றத்தாழ்வைக் காரணமாகக் காட்டுவது பிழை. துணியை யார் விற்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. லண்டன் ஹவுஸ் போன்ற கடைகள் துணியைத் தாமே இருப்பு வைத்து, முடிந்த கோட்டை ஒரே விலைக்கு விற்றன. துணியின் ஆதாயமும் தையலின் ஆதாயமும் ஒரே குடும்பத்துக்குச் சேர்ந்தன. தமிழ்நாட்டில் வாடிக்கையாளர் ஜவுளிக்கடையில் துணி எடுத்துக்கொண்டு தையற்கடைக்கு வந்தார். ஆதாயம் ஜவுளிக்கடையில் தங்கியது. தையல்காரருக்குக் கிடைத்தது கூலி. 1924இல் திருநெல்வேலியில் தோன்றிய ஆர்எம்கேவியும் 1928இல் சென்னைத் தியாகராய நகரில் தோன்றிய நல்லியும் இன்றும் குடும்பப் பெயரோடு நிற்பதையும், அதே காலத்துத் தையற்கடைகளில் மிகப் பலவற்றின் பெயர்கூட எஞ்சாததையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். கூலி வாங்குபவர் எவ்வளவு புகழ் பெற்றாலும், தன் இரு கைகள் தைக்கும் அளவுக்கு மேல் வளர முடியாது. அவருடைய மகனும் அதை அறிந்திருந்தார். ஐடிஐ முடித்து நெய்வேலியில் அப்ரண்டிசாகச் சேர்ந்துவிடுவது, மேசைக்குப் பின்னால் அப்பாவின் இடத்தில் நிற்பதைவிட நிலையான வாழ்வாகத் தெரிந்தது. எந்த ஆலையின் சம்பளம் கடையை வாழவைத்ததோ, அதே ஆலை கடையின் வாரிசையும் எடுத்துக்கொண்டது.

1990களுக்குப் பின் ஆயத்த ஆடை, அதாவது ரெடிமேட், சிறுநகரங்களுக்கும் வந்து சேர்ந்தது. தைக்கும் கூலிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் முடிந்த சட்டையே கிடைக்கும் நிலை உருவானபோது, துணி எடுத்து, அளவு கொடுத்து, பத்து நாள் காத்திருக்கும் பொறுமை குறைந்தது. தையல் தெரிந்தவர்களுக்குத் திருப்பூரின் ஏற்றுமதிக் கூடங்களில் வேலை கிடைத்தது. ஆனால் அங்கே ஒருவர் நாள் முழுவதும் தோள் இணைப்பு மட்டுமோ கழுத்துப்பட்டை மட்டுமோ தைக்கிறார், முழுச் சட்டையும் அவர் கையில் உருவாவதில்லை. பள்ளி மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடையைத் தைக்கும் பணி மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களுக்கு வழங்கப்பட்டது. கடைப்பலகையில் இடம்பெறாத பெண்களுக்கு இத்தொழிலில் தம் பெயரில் கூலியும் உறுப்பினர் எண்ணும் கிடைத்தது அவ்வழியில்தான். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ்த் தையல் தொழிலாளர்களுக்கெனத் தனி நல வாரியமும் அமைக்கப்பட்டது. தம்மை மாஸ்டர் என்று அழைத்துக்கொண்டவர்கள் ஓய்வூதியத்துக்காகத் தொழிலாளர் என்று பதிவு செய்துகொண்டனர்.

எஞ்சியுள்ள கடைகளில் இன்று நடக்கும் வேலையில் பெரும்பகுதி 'ஆல்டர்' என்று சொல்லப்படும் திருத்த வேலை. உலகின் ஏதோ ஓரிடத்தில் ஏதோ ஒரு பொது அளவுக்கு வெட்டப்பட்ட பேண்ட் அணிபவரின் காலுக்கு நீளமாக இருக்கிறது. அதை அவர் அணிந்து நிற்க, மாஸ்டர் குனிந்து அடியில் சாக்குக்கட்டியால் கோடிட்டு, வெட்டி, மடித்துத் தைத்து, அரை மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறார். இந்த வேலைக்கு அளவு நோட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை.